நான்கு நரம்பும் ஒரு சங்கமும்

1879 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 23 ஆந் திகதி ஹொனலூலுத் துறைமுகத்திலே 'ரேவன்ஸ்கிராக்' என்னுங் கப்பல் நங்கூரமிட்டது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் மதெய்ராத் தீவிலிருந்து புறப்பட்டு, தென்னமெரிக்காவின் தென்கோடி முனையைச் சுற்றி, நான்கு மாதங்கள் கடலில் அல்லலுற்று வந்த போர்த்துக்கேயர் நானூறு பேருக்கு மேல் அதில் இருந்தனர். ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலே ஒப்பந்தக் கூலிகளாய் வேலை செய்யவே அவர்கள் குடும்பத்தோடு கொண்டுவரப்பட்டனர். கரை கண்ட களிப்பிலே, அவர்களுள் ஒருவரான ஜுவாவோ பெர்னாந்தஸ் என்னும் இளைஞர், கூட வந்த ஒருவரிடம் இரவல் வாங்கிய சிறு நரம்புக் கருவியொன்றை மீட்டிப் பாடினார் என்பர். 'மச்செத்தே' என்பது அக்கருவிக்கு அவர்கள் வழங்கிய பெயர். இரு வாரங்கள் கழிய, மதெய்ராத் தீவார் இரவுதோறும் தெருவில் இசை நிகழ்த்தி மக்களை மகிழ்விக்கின்றனர் என்று ஹொனலூலுப் பத்திரிகையொன்று எழுதிற்று.

அக்கப்பலில் வந்தோருள் மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜொசே தொ எஸ்பிரித்தோ சாந்தோ என்னும் மூவர் மரவேலை அறிந்தவர்கள். தோட்ட வேலையை விட்டு நீங்கியதும் அவர்கள் நகரத்திலே பட்டறை வைத்தனர். தளபாடங்களோடு நரம்புக் கருவிகளும் செய்தனர். மச்செத்தேயின் சிற்றுடலையும், 'ரஜாவோ' என்னும் ஐந்நரம்புக் கருவியின் சுருதி முறையையும் ஒன்றாக்கி, ஹவாய்க் காடுகளில் வளரும் கோவா மரத்தால் ஆக்கப்பட்ட நான்கு நரம்புக் கருவியே உக்குலேலே எனப் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் வாயில் அது 'யூக்கலேலி' ஆயிற்று. ஹவாய் மக்கள் அவ்வாறு உச்சரிப்பதில்லை.

கப்பல் இறக்கிய பொருள்கள் எல்லாம் இறங்கிய மண்ணில் வேரூன்றிவிடுவதில்லை. கூலிக்காரர் கையில் வந்த இக்கருவியோ ஏழே ஆண்டுகளில் அரண்மனைக்குள் நுழைந்தது. அதற்கு மரத்தின் இனிமை மாத்திரம் காரணமன்று. அக்கருவி வந்து சேருமுன்னரே அதனை ஏற்றுக்கொள்ளத்தக்க கூட்டம் அங்கே கூடியிருந்தது.

இதனை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்து வரலாறு அறிந்தோர்க்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்குப் பாதிரிமாரை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சபை, 1820 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளுக்கும் பாதிரிமாரை அனுப்பிற்று. இங்கே 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. அங்கே 1831 இல் மவுயித் தீவில் லஹைனாலுனாச் செமினரி எழுந்தது. ஆதி தொட்டே ஓதலிலும் ஆடலிலும் தேர்ந்தவர்களான ஹவாய் மக்கள், பாதிரிமார் கற்பித்த பல குரற் கூட்டுப்பாடலை விரைவிற் கைக்கொண்டனர். அதைத் தேவாலயத்தின் வாயிலோடு நிறுத்திவிடவுமில்லை. கலாகவுவா மன்னரும் அவருடன் பிறந்த மூவரும் பாட்டியற்றுவதில் வல்லவர்கள். 1870 களில் இந்நால்வரும் தத்தமக்கெனப் பாடற் சங்கங்களை அமைத்து, ஒன்றையொன்று வெல்லப் போட்டியிட்டனர். அரசகுமாரன் லெலேயோஹொக்குவின் சங்கம் பெரும் புகழ் பெற்றது. அவர் 1877 இல் இளவயதில் மாண்டார். உக்குலேலேயைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆயினும் மாலைதோறும் கூடிப் பாடும் பழக்கம் நிலைத்துவிட்டது. குரலுக்குத் துணையாய் நிற்கக்கூடிய, கைக்கு அடக்கமான கருவியொன்று வந்தபோது, பாடுவோர் அதனை எடுத்துக்கொண்டனர்.

1886 ஆம் ஆண்டு மன்னரின் ஐம்பதாம் பிறந்தநாட் கொண்டாட்டத்திலே ஹூலா நடனத்துக்குப் பக்கவாத்தியமாக உக்குலேலே இசைக்கப்பட்டது. பெயரின் பொருளைப்பற்றி இரு கருத்துண்டு. 'உக்கு' என்பது தெள்ளு, 'லேலே' என்பது தாவுதல். நரம்பின்மேல் விரல்கள் தெள்ளுப்போல் தாவுவதால் வந்த பெயர் என்பது பொதுவழக்கு. மன்னருக்குப் பின் முடிசூடிய லிலியுகலானி அரசியாரோ 'இங்கு வந்த கொடை' என்று பொருள் உரைத்தார். கூலிகள் கொண்டுவந்த ஒன்றைக் கொடையென அழைத்த அரசியாரின் பெருந்தன்மை கவனிக்கத்தக்கது.

அவ்வரசியாரின் ஆட்சி 1893 ஆம் ஆண்டு சனவரியில் வீழ்த்தப்பட்டது. வீழ்த்தியவர்கள் அந்நாட்டிற் குடியேறிய வணிகரும் தோட்டச் செல்வரும் அவர்தம் உறவினருமாவர். அமெரிக்கக் கடற்படை வீரர் கரையிறங்கி நின்றனர். 1896 ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஆங்கிலத்தையே பாடசாலைகளின் போதனா மொழியாக்கிற்று. ஹவாய் மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். தாய்மொழி பாடசாலையை விட்டுத் துரத்தப்பட்ட அந்நாட்களிலே, அது பாட்டிற் புகுந்து உயிர்தப்பியது. வீட்டுத் திண்ணையிலும் விருந்திலும் நான்குபேர் உக்குலேலேயுடன் கூடிப் பாடிய பாடல்கள், எழுத்தறியாத பேரப்பிள்ளைகளின் நாவிலும் அம்மொழியை நிறுத்தின. இலக்கணநூல் செய்யமுடியாத காரியத்தை ஓர் இசைக்கூட்டம் சிலவேளை செய்துவிடுகிறது.

இதன்பின் நிகழ்ந்தவை வணிகரின் கதை, விரைந்து சொல்லிவிடலாம். எர்னஸ்ற் காய் என்னும் ஹவாய் இசைஞர் 1906 இல் உக்குலேலேக்கு ஒரு பயிற்சிநூல் வெளியிட்டார். 1915 இல் சான் பிரான்சிஸ்கோ நகரிலே நடந்த பனாமா-பசிபிக் பொருட்காட்சியில் ஹவாய் மண்டபத்து இசை அமெரிக்கரை மயக்கிற்று. அடுத்த ஆண்டிலே கிற்றார் செய்வதிற் பெயர்பெற்ற மார்ட்டின் கம்பனியார் உக்குலேலேயை ஒழுங்காக உற்பத்திசெய்யத் தொடங்கினர். கல்லூரி மாணவர் யாவரும் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கித் திரிந்தனர். 1930 களில் மோகம் தணிந்தது. 1949 இல் மக்கபெரி என்பார் பிளாஸ்டிக்கில் மலிவாகச் செய்துவிட, இலட்சக்கணக்கில் மீண்டும் விற்பனையாயிற்று. மின்கிற்றாரின் முழக்கம் எழுந்ததும் அவையும் பரணுக்குப் போயின. கருவியை வாங்கியோர் கோடியாயினும், கூடியிருந்து வாசித்தோர் எத்தனைபேர் என்பதே கேள்வி.

இங்கிலாந்திலே சற்று வேறுவிதமாய் நிகழ்ந்தது. நகைச்சுவைப் பாடகர் ஜோர்ஜ் போர்ம்பி 1961 மார்ச்சில் காலமானார். பாஞ்சோவும் உக்குலேலேயும் கலந்த கருவியை மீட்டிப் பாடியவர் அவர். அவ்வாண்டிலேயே அவருடைய அன்பர்கள் பிளாக்பூல் நகரில் ஒரு சங்கம் கண்டனர். நினைவுச் சங்கமென்றால் சொற்பொழிவும் மலர்மாலையும் என்றுதான் எவரும் எண்ணுவர். இவர்களோ கருவியோடு வந்தனர். மகாநாட்டின்போது வல்லவரும் தொடக்கக்காரரும் யாவரும் ஒருங்கே மேடையேறி வாசிப்பது அவர்கள் வழக்கமாயிற்று. அந்தக் கூட்டு வாசிப்பு செவிக்கு எப்போதும் இனிமையாய் இருந்திருக்குமெனக் கூறமுடியாது. எனினும் சங்கம் இன்றும் உயிரோடிருப்பதற்கு அவ்வழக்கமே காரணம் என்று கருதலாம்.

உக்குலேலே வரலாற்றில் மிகவும் சிந்திக்கவேண்டிய அத்தியாயம் கனடாவிலே எழுதப்பட்டது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகர் ஹலிபக்ஸ். 1967 ஆம் ஆண்டிலே அந்நகரப் பாடசாலைகளின் இசைக்கல்விப் பொறுப்பை ஏற்றவர் சால்மர்ஸ் டோன் என்னும் இளம் ஆசிரியர். அக்காலத்தில் பாடசாலை வாத்தியக்குழு என்றால் ஊதுகருவிகளும் பிடில்களும் என்றே பொருள். அவை விலைமிக்கவை. ஆதலால் சிலருக்கே கிடைத்தன; அச்சிலருள்ளும் ஆற்றலுள்ளோரெனத் தெரியப்பட்டவர்க்கே. எஞ்சிய பிள்ளைகளுக்குத் தமக்குச் சங்கீதம் வராது என்னும் தீர்ப்பே பாடமாய் அமைந்தது. பத்து வயதில் வழங்கப்படும் இத்தீர்ப்பை மனிதர் எழுபது வயதுவரை சுமந்து திரிவதுண்டு.

டோன் உக்குலேலேயைத் தெரிந்தெடுத்தது அதன்மீது கொண்ட காதலினால் மட்டுமன்று. அது மலிவானது, பிள்ளையின் கைக்கு ஏற்றது, பண்ணையும் வாசிக்கலாம், சுரக்கூட்டையும் வாசிக்கலாம். எல்லாவற்றினும் மேலாக, வாயில் வைத்து ஊதவேண்டாமையால் வாசித்துக்கொண்டே பாடலாம். உடலை வளைந்த பலகையாற் செய்யாது, நேர்ப்பக்கங்கள் கொண்ட முக்கோணமாகச் செய்வித்துச் செலவை மேலுங் குறைத்தார். பார்ப்பதற்கு அது அழகுடையதென்று சொல்லுவதற்கில்லை. அலுமாரியிலே வைத்துப் பார்ப்பதற்கா கருவி?

ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் எனின், நரம்புகள் நூற்றிருபது. புதிய நைலோன் நரம்பு நாட்கணக்காக இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆசிரியர் ஒருவரே யாவற்றுக்கும் சுருதி கூட்டினால் பாடவேளை அதற்கே சரியாகும். ஆகவே பிள்ளைகள் தாமே காதாற் கேட்டுச் சுருதி சேர்க்கப் பழகவேண்டும். அப்பழக்கமே செவிப்பயிற்சியின் முதற்பாடமாகிவிடும். முதல் நரம்பின் மூன்றாம் மெட்டில் ஒரு விரலை ஊன்றினாற் போதும், ஒரு முழுச் சுரக்கூட்டு ஒலிக்கும். இன்னும் இரண்டு கூட்டுக்கள் கைவந்தால் நூறு பாட்டுக்குத் துணைபோகலாம். முதல் நாளிலேயே பிள்ளைக்கு வெற்றி கிட்டுவது இக்கருவியின் பெருஞ் சிறப்பு.

அச்சிறப்பே அதன் பொறியுமாம். மூன்று கூட்டுக்களோடு நின்றுவிட்டு, வாழ்நாள் முழுவதும் அவற்றையே தட்டிக்கொண்டிருப்போர் பலர். டோன் இதனை நன்கு உணர்ந்திருந்தார். ஆதலால் தட்டுவதோடு விடாமல், தனிச்சுரங்களை மீட்டவும், சுரக்குறியைப் பார்த்தவுடன் பாடவும், கேட்டதைத் திருப்பி வாசிக்கவும் பயிற்றினார். பழைய ஹவாய் முறையில் நான்காம் நரம்பு மேற்சுரத்தில் நிற்கும். அதனைக் கீழ்ச்சுரத்துக்கு இறக்கி, பண் தாராளமாய் ஓட இடஞ்செய்தார். அவர் மனத்தில் உக்குலேலே ஒரு வாயில், உள்ளேயிருந்தது இசையறிவு. 1971 இல் வெளிவந்த அவருடைய வகுப்பறைப் பயிற்சிநூல் பிற மாகாணங்களுக்கும் பரவிற்று. அம்முறை உச்சநிலையில் இருந்த காலத்தில் பிள்ளைகளும் வளர்ந்தோருமாக ஏறத்தாழ 50,000 பேர் அதனைப் பின்பற்றினர்.

பின்னர், பணம் சுருங்கியபோது முதலில் வெட்டப்படும் பாடம் எதுவோ அதுவே வெட்டப்பட்டது. பல பாடசாலைகளில் முக்கோணக் கருவிகள் தூசுபடிந்தன. ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், அவரோடு வாத்தியக்குழுவும் வண்டியேறிவிடும் என்பது எந்நாட்டுப் பாடசாலைக்கும் பொருந்தும்.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் முறையாக உக்குலேலே எழுந்தது. இம்முறை கடைக்காரர் முந்தவில்லை. சங்கங்களே முந்தின எனலாம். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ், ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ, அவுஸ்திரேலியாவின் சிற்றூர்கள் எங்கணும் மாதம் ஒருமுறையோ வாரம் ஒருமுறையோ மக்கள் கூடத் தலைப்பட்டனர். நியூசிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றிலே, பன்னெடுங்காலம் பிள்ளைகள் ஊதிவந்த ரெக்கோடர் குழலின் இடத்தை உக்குலேலே பிடித்துக்கொண்டது.

இத்தகைய சங்கம் தொடங்குவதற்கு வேண்டியது மிகச் சொற்பம். ஓர் அறை, முப்பது கதிரை, பாட்டுக்கோவை ஒன்று. பெரும்பாலான இடங்களில் உறுப்பினராவதற்குத் தேர்வு கிடையாது. கருவி இல்லாதவர்க்கு இரவலாக ஒன்று கொடுப்பர். நூல் நிலையங்கள் புத்தகம் கொடுப்பதுபோல் உக்குலேலே கொடுக்கும் நகரங்களும் உண்டு. தொடங்குவது எளிது, நடத்துவதே கடினம். ஆறு மாதம் வாசித்தவர் வேகத்தை நாடுவார். அன்று வந்தவர் முதற் கூட்டிலேயே தடுமாறுவார். வேகத்துக்கு இடங்கொடுத்தால் புதியவர் மறுமுறை வரமாட்டார்; கொடாவிட்டால் பழையவர் சலித்து நின்றுவிடுவார். கூட்டம் தொடங்குமுன் அரைமணி நேரத்தைப் புதியவர்க்கென ஒதுக்குவது பல சங்கங்கள் கண்ட வழி. பாட்டைத் தெரியும்போது வாசிப்பவரின் விரலுக்கு எளிதான சுருதியை நாடிப் பாடுவோரின் தொண்டையை மறந்துவிடுவது மற்றொரு குறை. பாட இயலாத சுருதியில் ஒரு மாலை கழிந்தால், அடுத்த மாலையில் கதிரைகள் காலியாயிருக்கும். இவையாவற்றிலும் பெரிய இடர், சங்கத்தைத் தொடங்கியவரே பத்தாண்டின் பின்னும் சாவியைத் தாமே வைத்திருப்பது.

கனடாவின் மேலைக் கரையிலே, பிரிட்டிஷ் கொலம்பியாவில் லாங்லி என்றோர் ஊர் உண்டு. ஏனைய இடங்களில் டோனின் முறை அருகியபோதும் அங்குள்ள பாடசாலைகள் அதனைக் கைவிடவில்லை. பீற்றர் லுவாங்கோ என்னும் ஆசிரியர் பல்லாண்டுகளாக அங்கே ஒரு மாணவர் குழுவை நடத்தினார். ஒவ்வோராண்டும் மூத்தோர் விலக, இளையோர் சேர, குழு நின்று நிலைத்தது. 1980 இல் பிறந்த ஜேம்ஸ் ஹில் அவ்வூர்ப் பாடசாலையிற் கருவியேந்தியவர், உலகறிந்த வித்துவானானவர். 2008 ஆம் ஆண்டிலே அவரும் முதியவரான டோனும் சேர்ந்து வகுப்பறைக்கென ஒரு புதிய பாடநூல் எழுதி வெளியிட்டனர். டோனின் முக்கோணக் கருவிகள் தூசுபடிந்து கிடந்த பாடசாலைகள் சிலவற்றுக்கு அந்நூல் போய்ச்சேர்ந்தது.

லாங்லி மாணவர் குழு கோடைதோறும் ஹொனலூலுக்குச் சென்று வைக்கிக்கிக் கடற்கரையோரம் வாசித்துவந்தது. ரேவன்ஸ்கிராக் கப்பல் நங்கூரமிட்ட துறைமுகம் அங்கிருந்து சில மைல் தொலைவிலேதான் இருக்கிறது.