கொட்டகைக்குள் ஒரு வைத்தியம்

1914-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்கிற சிற்றூரில், ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் ஒரு வீட்டை வாங்கினார். வீட்டோடு ஒரு பழைய கொட்டகையும் இருந்தது. அதை ஒழித்துச் சுத்தம் செய்து, தச்சுக் கருவிகளைக் கொண்டுவந்து வைத்து, பட்டறையாக்கினார். தோட்டமும் போட்டார். வீட்டுக்கு ‘கன்சோலேஷன் ஹவுஸ்’ என்று பெயர். ஆறுதல் இல்லம் என்று சொல்லலாம்.

இதில் என்ன விசேஷம் என்றால், பட்டறை போட்டவரின் உடல்நிலை. காசநோய் வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. 1912-ல் இடது பாதத்தில் அழுகல் ஏற்பட்டு, கத்தி வைக்க வேண்டியதாயிற்று. அதோடு விடவில்லை, இடது பக்கம் முழுவதும் செயலிழந்தது. உடம்பில் காரணம் கண்டுபிடிக்க முடியாத இந்த மாதிரி முடக்கத்துக்கு அன்றைய டாக்டர்கள் வைத்திருந்த பெயர் ‘ஹிஸ்டீரியா’. காரணம் தெரியவில்லை என்பதற்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். 1913-ல் அவர் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸுக்கு வந்ததே நோயாளியாகத்தான். கந்தக ஊற்றுகள் உள்ள ஊர் அது. 1850-ல் ஹென்றி ஃபாஸ்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பெரிய சானடோரியம் அங்கே இருந்தது.

சானடோரியம் என்றால் அந்தக் காலத்தில் ஓய்வு என்று பொருள். காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு இன்னும் முப்பது வருடம் இருக்கிறது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை. நரம்புக் கோளாறு என்று சொல்லப்பட்டவர்களுக்கும் அதே படுக்கைதான். ஃபிலடெல்ஃபியாவின் வீயர் மிட்செல் பிரபலமாக்கிய ‘ஓய்வுச் சிகிச்சை’யில் நோயாளியை வாரக்கணக்கில் படுக்க வைத்துப் பாலும் கொழுப்பும் ஊட்டுவார்கள். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, யாரையும் பார்க்கக் கூடாது. அந்தச் சிகிச்சையை அனுபவித்த சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892-ல் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ கதையை எழுதினார். படுத்துக் கிடந்தே ஒரு பெண்ணின் மனம் கலைந்துபோகும் கதை. நம் வீடுகளிலும் இது புதிதில்லை. ‘நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருங்க’ என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆறு மாதம் சும்மா இருந்தவரைக் கேட்டால் தெரியும் அந்த அன்பின் பாரம்.

பார்ட்டன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பாஸ்டனில் 1897-ல் கைவினைக் கலைகளுக்கான சங்கம் உருவானபோது அதில் முன்னின்றவர்களில் ஒருவர். இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் கிளப்பிவிட்ட கைவேலை இயக்கத்தின் அமெரிக்கக் கிளை அது. இயந்திரம் செய்த நாற்காலியைவிடக் கை செய்த நாற்காலி மேல், அதைச் செய்கிற மனிதனும் அதனால் மேலாகிறான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சானடோரியத்தில் அவரைச் சந்தித்துப் பேசியவர் எல்வுட் வொர்செஸ்டர் என்ற பாதிரியார். பாஸ்டனின் இம்மானுவேல் தேவாலயத்தில் மருத்துவர்களோடு சேர்ந்து மனநலத்துக்கும் காசநோய்க்கும் வகுப்புகள் நடத்தியவர். இந்த உடம்பை வைத்துக்கொண்டே பிறருக்குப் பயன்படலாமே என்ற எண்ணம் அந்தப் பேச்சில்தான் பார்ட்டனுக்குப் பலப்பட்டது. கொட்டகை பட்டறையானதற்குப் பின்னால் இந்த இரண்டும் இருக்கின்றன.

முதல் நோயாளி அவரே. தன் உடம்பையே சோதனைக்கு வைத்தார். தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து செய்து செயலிழந்த பக்கத்தை மீட்டெடுக்கப் பார்த்தார், பெருமளவு மீட்டும் விட்டார். இதில் மாயம் எதுவும் கிடையாது. ரம்பம் பிடித்தவர்களுக்குத் தெரியும். வலது கை ரம்பத்தை ஓட்ட வேண்டுமானால் இடது கை கட்டையை அமுக்கிப் பிடித்தாக வேண்டும். பிடி தளர்ந்தால் ரம்பம் எகிறும். இழைப்புளி இன்னும் கறார். அதற்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை, ஊன்றிய கால், முன்னே சாய்கிற இடுப்பு எல்லாம் வேண்டும். ஒரு பக்கம் ஏமாற்றினால் சீவல் சுருளாக வராமல் பிய்ந்து வரும். கையைத் தூக்கு, இறக்கு, இருபது தடவை என்று யாராவது சொன்னால் ஐந்தாவது தடவையே அலுத்துவிடும். பலகை சமமாகிற வரைக்கும் இழைப்பவன் தடவைகளை எண்ணுவதில்லை. அவன் கண் பலகை மேல் இருக்கிறது. கை எவ்வளவு தூரம் போனது என்பது அவனுக்கே மறுநாள் வலிக்கும்போதுதான் தெரியும்.

தொழிலால் நோய் வருமென்றால் தொழிலால் குணம் ஏன் வரக்கூடாது என்பது பார்ட்டனின் வாதம். ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்ற சொல்லை 1914, 1915 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். உற்சாகத்தில் கொஞ்சம் எல்லை மீறியும் போனார். ஒவ்வொரு மருந்துக்கும் அதே விளைவைத் தருகிற ஒரு தொழில் இருக்க வேண்டும் என்கிற அளவுக்கு எழுதினார். இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அவர் பேசிய இடம் முக்கியம். மருத்துவரின் நாற்காலியிலிருந்து அவர் பேசவில்லை. கட்டிலில் கிடந்து பார்த்தவர், தன் கையால் ஒரு பட்டறையை அமைத்து, அங்கிருந்து பேசினார்.

1917 மார்ச்சில் அந்த வீட்டில் ஆறு பேர் கூடினார்கள். மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்டன், சிகாகோவிலிருந்து எலினோர் கிளார்க் ஸ்லேகிள், கைவினை ஆசிரியை சூசன் காக்ஸ் ஜான்சன், கனடாவிலிருந்து தாமஸ் கிட்னர், பார்ட்டனின் செயலாளர் இசபெல் நியூட்டன், பிறகு பார்ட்டன். அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சைச் சங்கத்தின் பிறப்பு அதுதான். ஆறு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் இன்றும் அந்தத் துறையின் பாடப்புத்தகங்களில் வருகிறது. இசபெல் மறு வருடம் பார்ட்டனை மணந்தார். ஐம்பது வருடம் கழித்து அந்த வீட்டைப் பற்றி எழுதியவரும் அவர்தான்.

அதே மாதிரி வேகத்தில் விஷயம் பார்ட்டனின் கையைவிட்டுப் போய்விட்டது. முதல் தலைவர் அவர். ஆறே மாதத்தில் அந்தப் பதவி டன்டனிடம் போயிற்று. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போருக்குள் இறங்கியிருந்தது. கை போனவர்கள், கால் போனவர்கள், குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்தவர்கள் என்று ஆயிரக்கணக்கில் திரும்பப்போகிறார்கள். கொல்லைப்புறக் கொட்டகை இனி போதாது. பள்ளிகளில் மரவேலை கற்பிக்கக் கனடா போன கிட்னர், அங்கே ஊனமுற்ற சிப்பாய்களின் தொழிற்பயிற்சிக்கே பொறுப்பாளராக இருந்தார். ராணுவ மருத்துவமனைகளில் பட்டறைகள் முளைத்தன. தச்சு வேலையை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார்கள். சைக்கிள் மாதிரி மிதித்து ஓட்டுகிற ரம்பம் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும். சாய்த்து வைத்த பலகையில் உப்புத்தாள் தேய்ப்பது தோளுக்கு. தேய்க்கிற கட்டையின் பிடியை மாற்றி மாற்றி விரல்களுக்கு. எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் பார்ட்டனுக்கு எந்த வேலையைச் செய்வது என்று தானே முடிவு செய்கிற உரிமை இருந்தது. மருத்துவமனைப் பட்டறையில் அது சீட்டில் எழுதி வந்தது. இந்த வித்தியாசம் சின்னதென்று எனக்குத் தோன்றவில்லை. 1923-ல் பார்ட்டன் காசநோயிலேயே இறந்தார். பட்டறை நுரையீரலைக் குணமாக்கவில்லை. அவர் எழுந்து நின்ற ஒன்பது வருடங்களில் அதற்குப் பங்கு இருந்தது.

பார்ட்டன் கொட்டகையை ஒழித்துக்கொண்டிருந்த அதே 1914-ல், தமிழ்நாட்டில் ஒரு மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். வளர்ந்தது கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் மலைக்கிராமங்களில் பிரசங்கத்தோடு வைத்தியமும் கட்டட வேலையும் தச்சும் பார்த்தவர். 1929-ல் காய்ச்சலில் அந்த மலையிலேயே இறந்தார். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பால், பள்ளி முடித்ததும் மருத்துவத்துக்குப் போகவில்லை. சில வருடங்கள் கட்டடத் தொழில் கற்றார். கொத்து, தச்சு, எல்லாம். பிறகுதான் டாக்டர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார். பார்ட்டனின் பட்டறைக்குச் சொந்தக்காரர் நோயாளி. வேலூரில் பட்டறை போட்டவர் தச்சு தெரிந்த அறுவை மருத்துவர்.

தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளை நேராக்க, நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைக்கிற அறுவைகளை பிராண்ட் 1948-லிருந்து செய்யத் தொடங்கினார். கை விரிந்தது. நோயாளிகள் ஊருக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நாளில் சிலர் மெலிந்து திரும்பி வந்தார்கள். பட்டினி. ‘குஷ்டக்காரன்’ என்று வேலை தரமாட்டேன் என்கிறார்கள். பிச்சைக்குப் போனால், விரிந்த கையைப் பார்த்து யாரும் காசு போடுவதில்லை. மடங்கிய கைக்கு இரக்கம் கிடைத்தது. டாக்டர் அதையும் எடுத்துக்கொண்டார். சிகிச்சை ஒருவனைப் பட்டினி போட்டது என்றால் அந்தச் சிகிச்சை எங்கே முடிகிறது?

1951-ல் கல்லூரி வளாகத்திலேயே மண்சுவர்க் குடிசைகள் சிலவற்றைக் கட்டினார்கள். ‘நியூ லைஃப் சென்டர்’ என்று பெயர். ஊர்க் குடிசை மாதிரியே இருக்க வேண்டும், இங்கே பழகியது ஊரிலும் செல்ல வேண்டும் என்பது யோசனை. அங்கே ஒரு தச்சுப் பட்டறை. அறுவை முடிந்த இளைஞர்கள் மர பொம்மைகள் செய்யக் கற்றார்கள். பிராண்டும் அவர்களோடு நின்று வேலை செய்தார். கல்லூரி ஆசாரி வேலைக்கே வந்துவிட்டாரா என்று யாராவது கேட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் கணக்கு இங்கே தலைகீழானது. பார்ட்டனின் கை பலமில்லாத கை, ஆனால் வலி தெரிந்த கை. அளவு மீறினால் வலி நிறுத்தும். வேலூர்க் கைகளுக்கு அறுவைக்குப் பிறகு பலம் வந்திருந்தது, வலிதான் கிடையாது. தச்சு பழகுகிற பையனுக்கு எந்த ஆசாரியும் முதலில் சொல்வது, கை எப்பவும் உளிக்குப் பின்னால இருக்கட்டும் என்பதுதான். அதைச் சொல்லிக் கொடுத்த பிறகும் ஒரு வெட்டு, ஒரு கொப்புளம் பட்டால்தான் பையன் கற்றுக்கொள்கிறான். வெட்டு பட்டதே தெரியாதவனுக்கு எப்படிக் கற்றுக் கொடுப்பது? ஒருமுறை துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க பிராண்ட் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தொழுநோய்ச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. சாவி தோலைக் கிழித்து எலும்பு வரை போயிருந்தது. அவன் கவனிக்கவில்லை.

தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்றுதான் அதுவரை மருத்துவர்களும் நம்பினார்கள். பட்டறையில் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. தினமும் கைகளைப் பார்த்தார்கள். புதுக் காயம் இருந்தால், எதனால் என்று கண்டுபிடிக்கும் வரை விடுவதில்லை. சிலும்பு கிளம்பிய சுத்தியல் பிடி. மெல்லிய பிடியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்தது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அழுத்தியது. காரணமில்லாத காயம் என்று ஒன்று அகப்படவே இல்லை. அழுத்தம் பரவட்டும் என்று பிடிகளைப் பருமனாக்கினார்கள். புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு ஓய்வு கொடுத்தபோது அது மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. சதை நல்ல சதைதான். இவ்வளவுக்குப் பிறகும் சில விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்தன. விழித்திருந்து பார்த்தார்கள். எலி. தூங்குகிறவனின் உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துத் தின்றுகொண்டிருந்தது. குடிசைக்கு ஒரு பூனை என்று ஏற்பாடாயிற்று.

அறுவை அரங்கில் இது தெரிந்திருக்காது. அங்கே கை மயக்கத்தில் அசையாமல் கிடக்கும். அது சுத்தியலைப் பிடித்து, வியர்த்து, அவசரப்பட்டு, தப்பு செய்கிற இடம் பட்டறைதான்.

பிராண்ட் 1966-ல் அமெரிக்கா போனார். லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, உணர்ச்சி மரத்த பாதங்களோடு வருகிற சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே கதைதான் என்று கண்டார். வேலூர், கரிகிரி பக்கம் தொழுநோயர்களுக்காக உருவான எம்.சி.ஆர். செருப்பு இன்று நம்மூர்ச் சர்க்கரை நோயாளிகளின் காலில் இருக்கிறது. செருப்பை எழுதிக் கொடுக்கிற டாக்டர் கூடவே ஒன்று சொல்வார்: ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி பாதத்தைத் திருப்பிப் பாருங்க, எங்கேயாவது சிவந்திருக்கா, கீறியிருக்கா என்று. பொம்மை செய்த பையன்களின் கைகளை அந்த மண்குடிசைப் பட்டறையில் தினமும் திருப்பித் திருப்பிப் பார்த்ததும் அதே கண்ணோடுதான்.