நடுவர் ஏன் கையை உயர்த்துகிறார்?

முல்லைத்தீவில் அண்மையில் பார்த்த உதைபந்தாட்டப் போட்டியொன்றில், ஃப்ரீ கிக் நேராகக் கோலுக்குள் போனது. நடுவர் கோல் கொடுக்கவில்லை. எதிரணிக்கு கோல் கிக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் "அநியாயம்" என்று கத்தினார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து விதியைப் படித்தபோதுதான் நடுவரே சரி என்று விளங்கியது.

எதிராளியை உதைப்பது, தள்ளுவது, தடக்கி விழுத்துவது, பந்தை வேண்டுமென்றே கையால் தொடுவது எல்லாம் நேரடி ஃப்ரீ கிக். தன் பெனால்ட்டி எல்லைக்குள் செய்தால் 11 மீற்றர் தூரத்திலிருந்து பெனால்ட்டி. எதிராளியில் படாமல், அவர் தலைக்கருகே ஆபத்தாகக் காலைத் தூக்கினால் மறைமுக ஃப்ரீ கிக். உதைத்த பந்து இன்னொரு வீரரில் பட்ட பிறகு உள்ளே போனால்தான் கோல். அதை அறிவிக்கவே நடுவர் கையை உயர்த்துகிறார்.

அட்டைக்கு வேறு அளவுகோல். வெறும் கவனக்குறைவு என்றால் அட்டை இல்லை. எதிராளிக்கு வரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாவிட்டால் மஞ்சள். அளவுமீறிய பலத்தைப் பாவித்தால் சிவப்பு.

அன்று தூக்கிய கால் யாரிலும் படவில்லை. நடுவரின் கையும் உயர்ந்தே இருந்தது. காரணம் சொல்லாத தீர்ப்புகளோடு வாழ்ந்து பழகியவர்கள் நாங்கள். இங்கே காரணம் எல்லோருக்கும் தெரியும்படி காட்டப்பட்டது, நாங்கள்தான் பார்க்கவில்லை.