இருவர் எழுதி ஒருவர் பெயரில் வந்த நாவல்

நம் கிழக்குக் கரையின் பாண்டிருப்பில் பிறந்தவர்களுக்கு ஒரே கதை இரண்டு உருவில் நடமாடுவது பழகிப்போன விஷயம். புரட்டாதியில் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கு நடக்கும். ஒரு பக்கம் பாரதம் படிப்பார்கள். மறுபக்கம் அதே பாரதம் தெருவில் இறங்கி நடக்கும். பாண்டவர் வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவநிலைக்கு ஏறுவான், பிறகு தீமிதிப்பு. படிப்பில் உள்ளதெல்லாம் நடிப்பில் வருவதில்லை. நடிப்பின் உக்கிரமும் படிப்பில் கிடைப்பதில்லை. இரண்டில் எது மூலம், எது வழி என்று ஊரில் யாரும் வழக்காடுவதில்லை.

ஆனால் அந்த வழக்கு வந்தே தீரும் என்கிற மாதிரி ஒரு நாவல் பிறந்தது. அதன் ஒரு கால் நியூயோர்க்கில், மறு கால் கொழும்பில். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற அந்த நாவலின் முதற் பதிப்பு அட்டையைப் பார்த்தால், ஆர்தர் சி. கிளார்க் எழுதியது என்றும், ஸ்டான்லி குப்ரிக்கும் ஆர்தர் சி. கிளார்க்கும் எழுதிய திரைக்கதையைத் தழுவியது என்றும் போட்டிருக்கும். வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? படம் ஓடிய கையோடு, அதன் பேரைச் சொல்லி விற்பதற்காக எழுதிய புத்தகம் என்றுதான் நினைப்பார். ஹொலிவூட்டில் அப்படி வருகிற நாவல்கள் ஏராளம். இங்கே நடந்ததோ வேறு. திரைக்கதைக்கு முன்னே நாவல்தான் தாளில் ஏறியது. இந்த ஒரு வரி அநீதியைச் சொல்வதற்காகவே அதன் பிறந்த கதையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து தங்கியவர். வானத்தைப் பற்றி எழுதியவரை இங்கே இழுத்துவந்தது கடல். அந்த ஆண்டே திருகோணமலைச் சுவாமி மலையடியில் மூழ்கி, கோணேசர் கோயிலின் இடிபாடுகளை அவரும் நண்பர் மைக் வில்சனும் படம் பிடித்தார்கள். 1961இல், நம் கிழக்குக் கரைக்குத் தெற்கே கிரிந்தைக்கு அப்பால் உள்ள பெருங்கற்பாரில், ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி ரூபாய்களோடு மூழ்கிக் கிடந்த கப்பலை வில்சன் கண்டார். கிளார்க் அதைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். கூட்டாகச் செய்வதும், செய்ததை எழுதுவதும் அவருக்குப் புதிதல்ல.

1964 தொடக்கத்தில் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குக்கு 35 வயது. 'டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படம் வெளியாகிப் பெரும் பேர் வாங்கியிருந்தது. அடுத்து, நல்ல அறிவியல் புனைவுப் படம் ஒன்று எடுக்க வேண்டும் என்று துடித்தார். படக் கொம்பனியில் வேலை பார்த்த ரொஜர் காராஸ், 'கிளார்க்கைப் பிடியுங்கள்' என்று யோசனை சொன்னார். அந்த மனிதர் எங்கோ கிழக்கில் உலகத்தை விட்டு ஒதுங்கி வாழ்கிற கிறுக்கர் அல்லவா என்பது குப்ரிக்கின் எண்ணம். காராஸ் கொழும்புக்குத் தந்தி அடித்தார். மிகுந்த விருப்பம் என்று உடனே பதில் வந்தது. மார்ச் 31ஆம் திகதி குப்ரிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 22ஆம் திகதி நியூயோர்க்கில் 'டிரேடர் விக்ஸ்' உணவகத்தில் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். கிளார்க்குக்கு அப்போது 46 வயது.

கதைக்கு விதை எங்கே இருந்தது? 1948 கிறிஸ்மஸ் நேரத்தில் பிபிசி நடத்திய சிறுகதைப் போட்டிக்குக் கிளார்க் ஒரு கதை எழுதினார். பெயர் 'த சென்டினல்'. பரிசு கிடைக்கவில்லை. 1951இல் ஒரு மலிவுச் சஞ்சிகையில் வேறு தலைப்போடு அச்சாகிக் கண்ணில் படாமல் போனது. நிலவின் மலையொன்றில் ஒரு பழங்காலப் பொருள் நிற்கிறது, யாரோ விட்டுவிட்டுப் போனது, மனிதன் அங்கே வந்து அதைத் தொடும் நாளுக்காகக் காத்திருக்கிறது என்பது கதை. தன் சிறுகதைகள் ஆறைக் கிளார்க் குப்ரிக்குக்கு விற்றார். மற்றவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. போட்டியில் தோற்றது நின்றது.

மே 17ஆம் திகதி இரவு, மன்ஹற்றனில் குப்ரிக்கின் வீட்டில் இருந்து பேசி, சேர்ந்து படம் செய்வது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். முடிவெடுத்த கையோடு வெளி மாடத்துக்கு வந்தால், வானத்தில் ஒரு பெரிய வெளிச்சம் நகர்ந்து வருகிறது. தலைக்கு நேர் மேலே வந்ததும் அது நின்றுவிட்டதுபோல் இருந்தது. தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் எந்தச் செய்மதியும் கடப்பதாகப் பத்திரிகை அட்டவணையில் இல்லை. வேற்றுலகவாசிகள் பற்றிப் படம் எடுக்க முடிவு செய்த இரவிலேயே இப்படி ஒன்றா! அமெரிக்க விமானப் படைக்கு அனுப்பும் படிவத்தைக்கூட நிரப்பினார்கள். பிறகு கோளரங்க நண்பர்கள் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்: அது 'எக்கோ 1' செய்மதி. அட்டவணைதான் பிழை. இரண்டு முதிர்ந்த மனிதர்கள் அப்படிப் பதறியதில் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிறது. இருவரும் அந்தக் கதையைப் பணத்துக்காகக் கையில் எடுக்கவில்லை, உள்ளூர நம்பினார்கள்.

இனித்தான் கூட்டு எழுத்தின் உள்ளே போகிறோம். நேரே திரைக்கதை எழுத வேண்டாம் என்றவர் குப்ரிக். திரைக்கதை வெறும் எலும்புக்கூடு, அதில் மனநிலையும் சூழலும் நிற்காது. முதலில் ஒரு முழு நாவலாக எழுதிக் கற்பனையை ஓடவிடுவோம், பிறகு அதிலிருந்து படத்தை எடுப்போம் என்றார். நாவலில் கிளார்க், குப்ரிக் என்று பெயர் போகும், திரைக்கதையில் குப்ரிக், கிளார்க் என்று மாறிப் போகும் என்பதுதான் அன்றைய பேச்சு.

கிளார்க் செல்சி ஹோட்டலில் 1008ஆம் இலக்க அறையை எடுத்துக்கொண்டார். குப்ரிக்கோடு மணிக்கணக்கில் பேசுவது, அறைக்கு வந்து தட்டச்சு செய்வது, தாள்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது, அவர் கேள்விகளால் துளைப்பது, திரும்பி வந்து மாற்றி எழுதுவது. இதுதான் மாதக்கணக்கில் நடந்தது. ஜோசப் கேம்பெல் எழுதிய புராண நாயகர் பற்றிய நூலைக் குப்ரிக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஆதி மனிதக் குரங்குகள் பற்றிய ரொபர்ட் ஆர்ட்ரேயின் நூலும் நடுவில் புகுந்தது. நிலவில் தொடங்கவிருந்த கதை ஆபிரிக்க வறள்நிலத்துக்கு, பல இலட்சம் ஆண்டுகள் பின்னால் போனது. கதையில் வரும் விண்கப்பலின் கணினி ஒரு கட்டத்தில் சோக்ரட்டீஸ், இன்னொரு கட்டத்தில் அதீனா என்ற பெண் பெயர், கடைசியில்தான் ஹால் ஆனது. வேற்றுலகவாசியை எப்படிக் காட்டுவது என்று இருவரும் முட்டிக்கொண்டு நின்றபோது வானியலாளர் கார்ல் சேகனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். காட்டாமல் விடுவதே நல்லது என்றார் அவர்.

1964 கிறிஸ்மஸுக்கு முதல் நாள், முடிந்துவிட்டது என்று நினைத்த பிரதியைக் கிளார்க் கையளித்தார். உண்மையில் அது முடியவில்லை. ஆனால் அந்த உரைநடைப் பிரதியைக் காட்டித்தான் குப்ரிக் எம்ஜிஎம் கொம்பனியிடம் படத்துக்குப் பணம் வாங்கினார். 1965 பெப்ரவரியில் அறிவிப்பு வந்தபோது தலைப்பு 'ஜேர்னி பியோண்ட் த ஸ்டார்ஸ்'. ஏப்ரலில் குப்ரிக் இன்றைய பெயரைக் கண்டெடுத்தார்.

1965 டிசம்பர் 29ஆம் திகதி இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் படப்பிடிப்பகத்தில் கமரா ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து நாவலுக்கும் படத்துக்கும் இடையே பாதை இருவழியானது. செட்டில் நடப்பதைப் பார்த்து நாவல் மாறும், நாவலில் மாறியதைப் பார்த்து காட்சி மாறும். மாறாமல் நின்றவையும் உண்டு. கதையில் வேற்றுலகவாசிகள் விட்டுப்போகும் கற்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைக் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பொருளாகத்தான் நினைத்தார்கள். மிகப் பெரிய பெர்ஸ்பெக்ஸ் கட்டி ஒன்றை வார்ப்பித்தும் கொண்டுவந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அது பெரிய கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். குப்ரிக் அதைத் தூக்கி ஒதுக்கிவிட்டு, ஒளியை விழுங்கும் கறுப்புப் பலகைக்குப் போனார். நாவலைத் திறந்தால் குரங்கு மனிதர்களுக்கு முன்னே நிற்பது இன்னும் அந்தப் பளிங்குதான். அதற்குள்ளே படங்கள் ஓடும், அவற்றைப் பார்த்து அவர்கள் கல்லெறியக் கற்பார்கள். படம் கைவிட்டதை நாவல் காப்பாற்றி வைத்திருக்கிறது.

சனிக் கோளும் அப்படியே. நாவலில் 'டிஸ்கவரி' கப்பல் வியாழனைச் சுற்றி அதன் ஈர்ப்பில் வேகம் பிடித்துச் சனிக்குப் போகிறது. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் செய்து காட்ட அன்று முடியாமல் போனதால், படம் வியாழனோடு நின்றுவிட்டது. 1979இல் வொயேஜர் விண்கலங்கள் வியாழனைக் கவணாக்கிச் சனிக்கு விரைந்தபோது, நாவலின் பாதை நிஜமானது. ஹால் ஏன் கொலைகாரனானது என்பதற்குப் படம் விளக்கம் சொல்லவில்லை. நாவல் சொல்கிறது: பயணத்தின் நோக்கத்தைக் கப்பலில் உள்ளவர்களிடம் மறைக்கும்படி இட்ட கட்டளையும், உண்மையே பேச வேண்டிய அதன் இயல்பும் மோதி அதைப் பிளந்துவிட்டன. எனக்குப் படத்தின் மௌனமும் வேண்டும், நாவலின் விளக்கமும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைக் குறை சொல்வோருடன் நான் உடன்படமாட்டேன்.

இப்போது கசப்பான பகுதி. 1966இல் நாவல் கையில் தயாராக இருந்தது. டெலகோர்ட் பதிப்பகம் எடுத்துக்கொண்டு அச்செழுத்தும் கோத்துவிட்டது, விளம்பரமும் போட்டது. குப்ரிக்கின் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது என்பது ஒப்பந்தம். குப்ரிக் கையெழுத்துப் போடவில்லை. பிரதி இன்னும் சரியில்லை, பார்க்க நேரமில்லை, படப்பிடிப்பு நடக்கிறது என்று நாள் கடத்தினார். பக்கம் பக்கமாகத் திருத்தக் குறிப்புகள் அனுப்பினார், ஆனால் அனுமதி மட்டும் வரவில்லை. கோத்த அச்சைப் பதிப்பகம் கலைத்தது.

கிளார்க் அந்த நேரம் கடனில் இருந்தார். மைக் வில்சனின் சிங்களப் படங்களுக்கு அவர் பணம் போட்டு வந்தார். இலங்கையின் முதல் முழுநீள வண்ணப் படமான 'ரன்முத்து தூவ' 1962இல் நன்றாக ஓடியது. பிறகு எடுத்த படத்தில் பணம் முடங்கியது. நாவல் வந்தால் கடன் தீரும் என்ற நிலையில், ஈராண்டு அவர் காத்துக் கிடந்தார். குப்ரிக்குக்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. படம் சொல்லாமல் விடுவதைப் புத்தகம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், திரையில் வருகிற வியப்பு செத்துப்போகும். அது படைப்பாளியின் நியாயம். ஆனால் கூட்டாளி வயிற்றில் அடிக்கிற நியாயத்தை நான் முழுதாக ஏற்கமாட்டேன். வெளியீட்டை இத்தனை மாதம் தள்ளுவோம் என்று ஒரு திகதி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

படம் 1968 ஏப்ரல் 2ஆம் திகதி வொஷிங்டனில் திரையிடப்பட்டது. நாவல் ஜூலையில் வேறொரு பதிப்பகத்தின் வழியே வந்தது. குப்ரிக்கின் பெயர் எழுத்தாளர் வரியில் இல்லை. முதலில் பிறந்த பிள்ளைக்குத் 'தழுவல்' என்று பெயர் சூட்டியாகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் கிளார்க் அந்த நாவலைக் குப்ரிக்குக்கே காணிக்கையாக்கினார். அந்த ஆண்டுத் திரைக்கதைக்கான ஒஸ்கார் பரிந்துரையில் இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தன. 1972இல் கிளார்க் 'த லோஸ்ட் வேர்ல்ட்ஸ் ஒவ் 2001' என்ற நூலில் கழித்துப் போட்ட அத்தியாயங்களையும் தன் நாட்குறிப்பையும் சேர்த்து அச்சிட்டார். கூட்டாக எழுத நினைக்கிறவர்கள் பாடமாகப் படிக்க வேண்டியது அதுதான். எத்தனை நல்ல பக்கங்கள் குப்பைக்குப் போனால் ஒரு நாவல் மிஞ்சும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

1982இல் வந்த '2010' நாவலில் கிளார்க், தன் முதல் நாவலின் சனியை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனைத் தொடர்ந்தார். தன் கூட்டாளியின் முடிவை மதித்துத் தன் கதையையே திருத்தியவர் அவர். அதைப் படமாக்கிய பீட்டர் ஹயாம்ஸ் லொஸ் ஏஞ்சலிஸில் இருந்தார், கிளார்க் கொழும்பில். இருவரும் கேப்ரோ கணினிகளைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்துத் திரைக்கதை பற்றிக் கடிதம் பரிமாறினார்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவரின் கேள்வி வந்து காத்திருக்கும். மின்னஞ்சல் என்ற பேச்சே நம் நாட்டில் இல்லாத நாளில் நடந்தது இது. அந்தக் கடிதங்கள் 1985இல் 'த ஒடிசி ஃபைல்' என்று புத்தகமாயின. இந்த முறை யாருக்கும் மனக்கசப்பில்லை. நாவல் ஏற்கெனவே அச்சாகி, யாருடையது என்பது தீர்ந்துபோயிருந்தது.

கல்முனை, மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது என்று இந்தக் கரையில் கமரா பிடிக்கிற பிள்ளைகளும் கதை எழுதுகிற பிள்ளைகளும் ஒருவரையொருவர் தேடிப் போக வேண்டும் என்பது என் ஆசை. போகிறபோது, முதல் பக்கம் எழுத முன்னரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். யாருடைய பெயர் எங்கே வரும், படத்தில் கடைசிச் சொல் யாருக்கு, புத்தகத்தில் யாருக்கு, எந்தத் திகதி தாண்டினால் மற்றவர் சம்மதம் இல்லாமலே வெளியிடலாம். அன்பு குறைந்துபோகும் என்று வெட்கப்பட்டு இதைத் தள்ளிப்போட வேண்டாம். '2001' படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்கவில்லை என்று எழுந்து போனவர்கள் நாவலை எடுத்து வாசியுங்கள்.