பென், கித்னா?

மும்பை தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவில் பானை வாங்கவரும் திருநெல்வேலிக்காரி எடுத்தவுடன் விலை கேட்க மாட்டாள். பானையை இடது கையில் ஏந்தி, வலது கை விரல் முட்டியால் சுற்றித் தட்டிப் பார்ப்பாள். ‘ணங்’ என்றால் சரி. ‘டொக்’ என்றால் எங்கோ கீறல். பானை தரைக்கே திரும்பிவிடும். அப்புறம்தான், “பென், கித்னா?” விற்கும் குஜராத்தி அம்மாள், “லோ அக்கா” என்பாள். ‘பென்’ என்றால் குஜராத்தியில் சகோதரி. மீதிப் பேரம் இந்தியில்.

அந்தப் பானைக்குப் பூர்வீகம் சௌராஷ்டிரம். அங்கிருந்து பிழைக்க வந்த குயவர்கள் முதலில் தென்பம்பாயில் இருந்தார்கள். நகரம் பெருக்கப் பெருக்க வடக்கே தள்ளப்பட்டுத் தாராவியில் வந்து விழுந்தார்கள். களிமண் இன்றும் குஜராத்திலிருந்து லாரியில் வருகிறது. வீட்டு வாசலிலேயே சக்கரம். எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே செங்கல்லால் கட்டிய சூளை, அவர்கள் பேச்சில் ‘பட்டி’. அதில் எரிவது பஞ்சுக்கழிவும் தையல்கடைத் துண்டுத்துணியும். புகை கறுப்பாகக் கிளம்பி நேரே வீட்டுக்குள் போகிறது. பானையின் மண்வாசனையைப் புகழ்கிற நாம் இந்த வாசனையைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

கும்பார்வாடாவைத் தாண்டினால் ஊர். ஊர் என்றுதான் சொல்வேன். 1909 பம்பாய் கெஜட்டியர் தாராவியைத் தீவின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாக எழுதியது. அடிப்படையில் மீனவர் கிராமம். மித்தி ஆற்றுப்பக்கம் காலா கில்லா: அக்கரைப் போர்த்துகீசியர்மேல் கண்வைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுப்பிய கோட்டை, கல்லில் 1737 என்று பொறித்திருக்கிறது. தண்ணீர் தள்ளிப்போய்விட்டது. கோட்டையைச் சுற்றி வீடுகள். பெயர் மட்டும் பஸ் பலகையில் ஊர்சுற்றுகிறது. தோல் பதனிடும் வேலைக்கு வந்த தமிழர்களுக்கும் இதே ஆற்றோரச் சதுப்புதான் இடம் கொடுத்தது.

வாங்கிய பானை நைன்டி ஃபீட் ரோடு வழியே இடுப்பில் வீடு போய்ச் சேரும். தொண்ணூறடி பெயரில்தான்; பாதியைக் கடைகள் எடுத்துக்கொண்டன. ஒரு ராத்திரி கழுநீரில் ஊறும். கழுத்தில் மஞ்சள்குலை ஏறும். தை முதல் நாள் அதே ரோட்டோரம் செங்கல் கூட்டி வரிசையாக அடுப்புகள். சூளையில் ஒருமுறை வெந்த பானை இங்கே மறுபடி நெருப்பைப் பார்க்கிறது. பால் வழியும்போது எழும் குலவைக்குமுன் ஆட்டோ ஹாரன் எடுபடாது.

பத்துக்குப் பத்து அறையில் கரிபிடித்த பானைக்கு ஏது இடம்? சில வீடுகளில் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, துளசி நட்டு, வாசல்படியில் வைத்துவிடுவார்கள். அடுத்த தைக்கு வேறு பானை. மறுபடியும் தட்டிப் பார்த்துத்தான்.