அடையும் உருபேற்கும் மொழி

'பெரிய வீடு', 'பெரிய வீட்டில்' என்னும் இரண்டிடத்தும் தமிழ்ப் பெயரடை ஒன்றே. வேற்றுமை உருபு பெயரோடு நின்றுவிடும். 'பெரிய' என்பது திரிவதில்லை. ஃபின்னிய மொழியிலோ பெயர் ஏற்கும் உருபை அடையும் ஏற்றாக வேண்டும். அங்கே 'இஸோ' என்றால் பெரிய; 'தலோ' என்றால் வீடு. 'பெரிய வீட்டில்' எனச் சொல்ல 'இஸோஸ்ஸா தலோஸ்ஸா' என்பர். 'பெரிய வீடுகளில்' எனின் 'இஸோய்ஸ்ஸா தலோய்ஸ்ஸா'. வேற்றுமையிலும் எண்ணிலும் அடை பெயரோடு இயைகிறது. சிறுமை குறிக்கும் 'பிக்கு' போன்ற சில சொற்களே திரியாது நிற்கும் புறனடைகள்.

இவ்வியைபு ஃபின்னிய மொழிக்குப் பிறப்பிலேயே வாய்த்ததன்று என்பர் ஒப்பிலக்கண அறிஞர் பலர். அதன் தொலைவுறவாகிய ஹங்கேரிய மொழியில், பெயருக்கு முன் வரும் அடை தமிழிற் போலவே மாறாது நிற்கும். இரண்டுக்கும் தாயான யூராலிய மூலமொழியிலும் அடை திரியவில்லை என்பது அவர்தம் கொள்கை. அங்ஙனமாயின் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது?

ஃபின்னியரின் முன்னோர் பால்டிக் கடலோரத்தில் பால்டிக், ஜெர்மானிய மொழியினரோடு நெடுங்காலம் அண்டை வாழ்ந்தவர். அம்மொழிகளில் அடை பெயரோடு இயைந்து திரியும். அவ்வுறவின் நெருக்கத்தைக் கடன்சொற்கள் காட்டுகின்றன. உடன்பிறந்தாளைக் குறிக்கும் 'ஸிஸர்', பல்லைக் குறிக்கும் 'ஹம்மஸ்' ஆகியவை பால்டிக் மொழிகளின் வழி வந்தவை. அரசனைக் குறிக்கும் 'குனிங்கஸ்' ஜெர்மானியக் கொடை. உறவுப்பெயரையும் உடலுறுப்பின் பெயரையுமே கடன்பெற்ற மொழி, அடையைத் திரிக்கும் வழக்கத்தையும் அவ்வண்டையாரிடம் கற்றிருக்கலாம் என்று கருதுவோர் உளர். 1649இல் எஸ்கில் பெத்ரேயுஸ் லத்தீனில் ஃபின்னிய இலக்கணம் எழுதி வெளியிடுவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மாற்றம் வேரூன்றிவிட்டது.

இவ்வரலாறு தமிழராகிய நமக்கும் ஒன்று உணர்த்துகிறது. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், திராவிடப் பெயரடை திரியாமையை வடமொழியினின்று அதனைப் பிரித்தறியும் அடையாளங்களுள் ஒன்றாகக் கொண்டார். திராவிட மொழிகளைச் 'சித்திய' மொழிக்குழுவோடு இணைக்கவும் முயன்றார். அக்குழுவில் அவர் அடக்கிய ஃபின்னிய மொழியிலேயே அடை திரிகிறது! அவர் கண்ட சித்திய உறவைப் பின்வந்த ஆய்வுலகம் ஏற்கவில்லை. எனினும் திராவிடம் தனிக்குடும்பம் என்னும் அவர் முடிபு நிலைத்தது. அது பல சான்றுகளின் மேல் எழுந்ததாதலின்.

இலக்கணக் கூறொன்றை மட்டும் கொண்டு ஒரு மொழியின் குடிவழியை முடிவு செய்தல் ஆகாது. குருதியுறவு தந்ததும் உண்டு. அண்டையுறவு தந்ததும் உண்டு. இரண்டையும் பகுத்தறிவதே மொழிநூலார் கடமை. அயலாரிடம் பெற்றதாயினும், ஃபின்னியக் கவிஞருக்கு இன்று அது தாய்மொழியின் இயல்பே. அடையின் ஈறும் பெயரின் ஈறும் ஒன்றையொன்று எதிரொலிக்க, அவர்தம் பாட்டில் அது ஓசையாய் ஒலிக்கின்றது.