சுமைதாங்கிக் கல்லும் ஏலக்கூடையும்

சென்ற தை மாதத்தில் நாம் பணியாற்றும் கல்லூரியின் மாணவியர் சிலர் ஒரு திட்டத்தோடு நம்மிடம் வந்தனர். வேப்பந்தட்டையில் ஒரு மாலைப்பொழுதில் வீட்டுப் பண்டங்களைச் சமைத்து விற்பது, அதன்பின் ஊரார் தரும் பொருள்களை ஏலம் விடுவது, திரளும் தொகையைப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் உதவும் வகையில் செலவிடுவது என்பது அத்திட்டம். அருகிலிருந்த பேராசிரிய நண்பர் ஒருவர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் ஐயா. நம்மூரில் அறம் என்றால் அன்னதானம். அறத்தை யாராவது ஏலம் விடுவார்களா?" என்றார். மாணவியர் நம் முகத்தைப் பார்த்தனர். உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அன்றிரவு தொடங்கி, கையிலிருந்த நூல்களையும் நினைவில் இருந்த செய்திகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

நம் நினைவு முதலில் ஓடியது ஒரு கல்லை நோக்கி. தமிழகத்தின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாகவே அவற்றுள் பல நடப்பட்டன. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் ஆவி, வழிப்போக்கர் தம் சுமையை இறக்கும்போதெல்லாம் ஆறுதல் பெறும் என்பது நம்பிக்கை. தமிழரின் அறங்களுள் பேறுகால மரணத்தோடு இத்துணை நேராகப் பிணைந்தது வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் அது மரணத்துக்குப் பின் செய்த அறம். இறவாமல் காக்கும் அறம் எப்போது தோன்றிற்று என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

நம் பாட்டியின் தமக்கை தலைப்பிரசவத்தில் இறந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கம் அது. இரண்டு நாள் வலிக்குப் பின் மருத்துவச்சி கைவிரித்துவிட, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் பெரம்பலூருக்குக் கொண்டு புறப்பட்டனர். வண்டி எசனையைத் தாண்டுமுன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்காக வைத்த கல்லை நாம் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். சாலையை அகலப்படுத்தியபோது அது போய்விட்டது.

இனி வரலாற்றுக்கு வருவோம். நம் வட்டாரம் 1995 ஆம் ஆண்டு வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்தத் திருச்சி மலைக்கோட்டையின் இறைவன் பெயரே தாயுமானவர். காவிரியில் வெள்ளம் பெருகியதால் பேறு பார்க்க வரவேண்டிய தாய் அக்கரையில் நின்றுவிட, இறைவனே அத்தாயின் உருவில் வந்து ரத்னாவதிக்குப் பேறு பார்த்தான் என்பது தலபுராணம். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள் இன்றும் அங்கே வாழைத்தார் காணிக்கையாக்குகின்றனர். இதனை வெறும் பக்திக் கதையாகக் கொள்ள வேண்டியதில்லை. வெள்ளம், தொலைவு, உரிய நேரத்தில் துணை வந்து சேராமை ஆகிய மூன்றும் பேறுகால மரணத்தின் பழைய காரணங்கள். அவற்றை அக்கதை தெளிவாக அறிந்திருக்கிறது. எசனைச் சாலையில் நின்றுபோன வண்டிக்கும் அதே காரணம்தான். தாயுமானவர் அன்று அவ்வழியே வரவில்லை.

கல்வெட்டுகள் வேறொரு செய்தியைத் தருகின்றன. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றினை அது விரிவாகக் கூறுகிறது. மருத்துவன், அறுவை செய்வோன், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதன், தண்ணீர் சுமப்போன் என ஒவ்வொருவருக்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டிருந்தது. படிக்கும்போது வியப்பு மேலிடுகிறது. எனினும் அச்சாலை கோயிற்பணியாளர்க்கும் அங்குத் தங்கிப் பயின்ற மாணவர்க்கும் உரியது. வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பிள்ளைத்தாய்ச்சிக்கு அதில் இடமிருந்ததாகத் தெரியவில்லை.

ஆந்திர நாட்டு மல்காபுரம் கல்வெட்டு இவ்வகையில் ஒருபடி மேலே நிற்கிறது. காகதீய அரசி ருத்ரமதேவியின் காலத்தில் 1261 இல் பொறிக்கப்பட்டது அது. நிலக்கொடையின் வருவாயிலிருந்து பிரசூதிசாலை, ஆரோக்கியசாலை, உணவளிக்கும் சத்திரம் ஆகியவற்றுக்குப் பங்கு ஒதுக்கிய செய்தி அதில் வருகிறது. பிரசூதிசாலை என்பது மகப்பேற்று விடுதியே. மகப்பேற்று விடுதியும் சோறிடும் சாலையும் ஒரே கொடைக்குள் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். உணவையும் பேற்றையும் இணைத்து எண்ணிய நம் மாணவியர்க்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முன்மாதிரி ஒன்று உண்டு!

அவை மன்னரும் மடங்களும் செய்தவை. பொதுமக்களிடம் பணம் திரட்டிப் பெண்களுக்கு மருத்துவ உதவி செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. விக்டோரியா அரசியின் விருப்பப்படி வைஸ்ராயின் மனைவி டஃப்ரின் சீமாட்டி 1885 இல் தொடங்கிய நிதி அவற்றுள் பெரியது. அதே ஆண்டில் சென்னையில் மேரி ஷார்லீப் என்னும் மருத்துவர் கோஷா மருத்துவமனையை நிறுவினார். ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்களுக்காக எழுந்த அந்நிலையமே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நிற்கிறது. அக்காலக் கொடைகளில் குறை இல்லாமலில்லை. கொடுத்தவர் பெயர்ப்பட்டியல் அறிக்கைகளில் முன்னே நிற்கும்; பட்டம் எதிர்நோக்கிக் கொடுத்தோரும் இருந்தனர். ஆனால் மருத்துவமனைகள் எழுந்தன என்பதும் உண்மை.

வேலூரின் கதை பலரும் அறிந்தது. திண்டிவனத்தில் தந்தையுடன் தங்கியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூவர் வந்து, பேறுகாலத் துன்பத்திலிருந்த தம் மனைவியரைக் காக்க வேண்டினர். பெண் மருத்துவர் எவரும் இல்லை. ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா மருத்துவம் பயின்று 1900 இல் திரும்பினார். 1902 இல் வேலூரில் பெண்கள் மருத்துவமனை எழுந்தது. 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. பிறகு ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்கெனத் திரட்டப்பட்ட நிதியில் வேலூரும் பங்குபெற்றது. மக்கள் இருபது லட்சம் டாலர் திரட்டினால் ராக்ஃபெல்லர் அறநிதி பத்து லட்சம் தரும் என்பது ஏற்பாடு. அமெரிக்கப் பெண்கள் ஊர் ஊராகச் சிறுதொகை சேர்த்து அந்த இலக்கை எட்டினர். சிறுகாசு பெருங்காசை இழுத்து வந்த வரலாறு இது.

நண்பரின் வினாவுக்கு நேரான விடையைத் தருபவர் காந்தியடிகள். அறத்தை ஏலம் விடலாமா என்றால், அவர் விட்டார்! ஹரிஜன நிதிக்காக 1933-34 இல் நாடு முழுவதும் சுற்றியபோது, தமக்களித்த வரவேற்புப் பத்திரங்களையும் அவை இருந்த பேழைகளையும் மேடையிலேயே ஏலம் கூறுவது அவர் வழக்கம். பெண்கள் கழற்றிக் கொடுத்த நகைகளும் ஏலத்துக்கு வந்தன. 1934 இன் தொடக்கத்தில் தமிழகத்திலும் அவர் பயணம் செய்தார். பயனற்ற ஓர் ஆடம்பரப் பொருளைப் பயனுள்ள பணமாக மாற்றும் கருவியாகவே அவர் ஏலத்தைக் கையாண்டார். வாங்குபவருக்குப் பொருளின் மேலுள்ள ஆசையைவிடப் பலர்முன் கொடுப்பதன் மகிழ்ச்சி பெரிது என்னும் மனித இயல்பையும் அவர் நன்கறிந்திருந்தார்.

கஸ்தூரிபா 1944 பிப்ரவரி 22 அன்று சிறைவாசத்திலேயே மறைந்தார். அவர் நினைவாக 75 லட்சம் ரூபாய் திரட்டி, காந்தியின் 75 ஆம் பிறந்தநாளில் அளிப்பதென முடிவாயிற்று. மக்கள் அதற்கு மேலும் அள்ளிக் கொடுத்தனர். கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே அது செலவாக வேண்டும் என்பது காந்தியின் கட்டளை. அவ்வறக்கட்டளையின் தமிழகப் பொறுப்பை ஏற்றவர் மருத்துவர் சௌந்தரம். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளமையில் கணவரை இழந்தவர். தில்லியில் மருத்துவம் பயின்று, 1940 இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். இவ்விருவரும் 1947 இல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினர். சிறு விடுதியாகத் தோன்றிய மகப்பேற்றுப் பணி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. மன்னன் கொடுக்காமல், மடம் கொடுக்காமல், கூட்டத்தில் நின்றவர் கொடுத்த காசு கிராமத்துத் தாயிடம் வந்து சேர்ந்த இடம் அது. அக்காசு எசனைச் சாலை வரை வரவில்லை என்ற வருத்தம் நமக்கு உண்டு. ஆனால் வந்த இடங்களில் சில வண்டிகளாவது உரிய நேரத்தில் சென்று சேர்ந்திருக்கும்.

உணவும் ஏலமும் சேர்ந்த விழா நமக்குப் புதிதுமன்று. தென்மாவட்டத் தேவாலயங்களில் அசனம் என்னும் பொதுவிருந்து உண்டு. அறுப்பின் பண்டிகையில் முதல் விளைச்சலையும் கோழியையும் வாழைத்தாரையும் கொணர்ந்து ஏலம் விடுவர். அம்மன் கோயில் விழா முடிவில் எலுமிச்சம்பழம் ஏலம் போவதை நாமறிவோம். ஆடிக் கூழும் நோன்புக் கஞ்சியும் எல்லார்க்கும் பொது. மொய் விருந்து மட்டும் சற்றே வேறு; அங்கே கொடுத்தது குறிப்பேட்டில் ஏறும், ஒருநாள் திரும்பி வரவேண்டும். ஏலத்தில் கொடுத்தது திரும்புவதில்லை.

இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987 இல் தமிழக அரசு தொடங்கிய மகப்பேறு நிதியுதவி, 2018 இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. 2008 முதல் 108 ஊர்தி வீட்டு வாசலுக்கு வருகிறது. 2018-20 ஆம் ஆண்டுகளின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழகத்தில் இறந்த தாய்மார் 54 பேர். இந்திய அளவில் 97. மாட்டுவண்டிக் காலத்தோடு ஒப்பிட்டால் இது மாபெரும் மாற்றம். இம்மாற்றத்தைச் செய்தது பெரும்பாலும் வரிப்பணமே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனில் மாணவியரின் மாலைக்கு என்ன வேலை?

இதனை நாம் ஒரு செவிலியரிடமே கேட்டோம். "பிரசவம் பார்க்க வேண்டியதெல்லாம் இருக்கு சார். கூட வர்ற அம்மாவும் மாமியாரும் ராத்திரி உட்கார இடமில்லாம, ஒரு வாய் கஞ்சி இல்லாம கிடக்கிறாங்க. மலையடிவாரத்திலிருந்து வர்றவங்க திரும்பிப்போகக் காசில்லாம நிக்கிறாங்க" என்றார். குழந்தையோடு தாய்மாரை நிற்க வைத்து நிழற்படம் எடுக்க மாணவியர் விரும்பினர். "அது மட்டும் வேண்டாம் தாயி. நாளைக்கு அந்தப் பொண்ணுதானே தெருவில நடக்கணும்" என்று தடுத்தார். டஃப்ரின் காலத்துக் கொடையாளர் பட்டியலின் குறையை ஒரு சொல்லில் திருத்திவிட்டார் அவர். வாங்கியவர் முகத்தை மட்டுமின்றி, கொடுத்தவர் பெயரையும் அறிவிப்பதில்லை என்று மாணவியர் முடிவு செய்தனர்.

மாலை நடந்தது. கம்பங்கூழ், சோளப் பணியாரம், சின்ன வெங்காயச் சட்னி எல்லாம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தன. அரும்பாவூர் மரச்சிற்பம் ஒன்றே நல்ல விலைக்குப் போகுமென எண்ணியிருந்தோம். அதனினும் மிகுதியாகப் போனது ஒரு கூடைச் சின்ன வெங்காயம். எடுத்தவர் எவரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. திரும்ப மேடையில் வைத்து, "இன்னொரு தடவை விடுங்க" என்றனர். நான்கு முறை அக்கூடை ஏலம் போயிற்று. வெள்ளைக்காரன் பழக்கம் என்ற நண்பர்தாம் கடைசியாக எடுத்தார்.

கிடைத்த தொகை பெரிதன்று. ஊருக்குத் திரும்பும் தாய்மாரின் பேருந்துச் செலவுக்கு ஒரு பகுதியை ஒதுக்கினர். எஞ்சியதில் உடன் வருவோர் அமர ஒரு கல் இருக்கை செய்து போட்டனர். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக்கல். யார் பெயரும் பொறிக்கவில்லை. சென்ற வாரம் அவ்வழியே போனபோது, மூதாட்டி ஒருவர் துணிப்பையை அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு, உள்ளிருந்து வரும் செய்திக்காகக் காத்திருந்தார்.