டயர் மாற்றியதும் கார் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது?

புது டயர் போட்டதும் கார் ஒரு பக்கமாக இழுத்தால், எல்லோரும் அலைன்மென்ட்டைத்தான் திட்டுவார்கள். குற்றவாளி டயராகவே இருக்கலாம்.

1946-ல் பிரான்சின் மிஷ்லின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை கோரியது. அதை உருவாக்கிய மரியஸ் மிஞ்ஞோல் அந்நிறுவனத்தின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவராம்! ரப்பருக்கு அடியில் அவர் வைத்த எஃகுக் கம்பிப் பட்டையால் டயர் நெடுநாள் உழைத்தது. ஆனால் தயாரிப்பில் அந்தப் பட்டை நடுவிலிருந்து சற்று விலகினாலும் வம்புதான். டயர் கூம்பு போல நடந்துகொள்ளும். மேஜையில் உருட்டிவிட்ட காகிதக் கூம்பு நேராகவா போகும்?

ரேடியல் பரவப் பரவ, மெக்கானிக்குகள் ஓர் எளிய சோதனையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் காற்றைச் சரிபார்ப்பது. பிறகு முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றி ஓட்டிப் பார்ப்பது. இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் கோளாறு. மாறாவிட்டால் அலைன்மென்ட்டையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும்.